போர்க்காலப் பேரமும் மலையக மக்களும்: இலங்கை–இந்திய இராஜதந்திரத்தின் மூன்று கட்டங்கள்

சிறிய நாடொன்று தன்னைவிடப் பன்மடங்கு பெரிய அண்டை நாட்டோடு பேசும்போது, அதன் பேச்சின் வலிமையைப் படைபலமும் பரப்பளவும் மட்டும் தீர்மானிப்பதில்லை. போர்க்காலத்தில் பெரிய நாட்டுக்கும் அவசரத் தேவைகள் எழுகின்றன. அதற்கு நண்பர்கள் வேண்டும், பகைவரின் கை எட்டாத துறைமுகங்கள் வேண்டும், ஓர் எல்லையில் போரிடும்போது மற்ற எல்லைகளில் அமைதி வேண்டும். அந்தத் தேவைகளைக் கணித்து, அவை தணிவதற்கு முன்பே தன் கோரிக்கையை முன்வைக்கும் திறமையே சிறிய நாட்டின் போர்க்கால இராஜதந்திரம் எனப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டில் இந்தியாவோடு இலங்கை நடத்திய பேச்சுகளில் இத்திறமை பலமுறை வெளிப்பட்டது. ஆனால் அப்பேச்சுகளின் மேசையில் மிகுதியாக வைக்கப்பட்ட பொருள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளி மக்களின், அதாவது மலையக மக்களின், பிரஜாவுரிமையே என்பதும், அவர்களுள் ஒருவருக்கும் அம்மேசையில் நெடுங்காலம் இருக்கை தரப்படவில்லை என்பதும் இராஜதந்திர வரலாறுகளில் போதிய அழுத்தத்துடன் எழுதப்படவில்லை.

இக்கட்டுரை அவ்வரலாற்றின் மூன்று கட்டங்களை ஆராய்கிறது. முதலாவது, இரண்டாம் உலகப் போரின்போது 1939 முதல் 1944 வரை நடந்த பேச்சுகள். இரண்டாவது, 1962இன் இந்திய–சீனப் போரும் அதன் பின்னணியில் 1964இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையும். மூன்றாவது, இலங்கையின் உள்நாட்டுப் போர் 1983இல் மூண்டதிலிருந்து 1988 வரையான காலம். அட்டனுக்கு அப்பால் கெஹெல்கமு ஓயாவின் கரையில் அமைந்த நோட்டன் பிரிட்ஜ் போன்ற ஊர்களிலிருந்து பார்க்கும்போது, கொழும்புக்கும் தில்லிக்கும் இடையே ஒப்பமிடப்பட்ட ஒவ்வொரு தாளும் லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்புகளின் வாசல்வரை வந்து சேர்ந்த விதம் தெளிவாகப் புலப்படும். இப்பகுதியின் தோட்டக் குடும்பங்களில் அந்த உடன்படிக்கைகளால் பிரிக்கப்படாதவை குறைவு.

அரிசி, இறப்பர், ஆள்பலம்: 1939–1944

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது இலங்கையும் இந்தியாவும் பிரித்தானியாவின் ஆட்சியின்கீழ் இருந்தன. எனினும் 1931இல் நடைமுறைக்கு வந்த டொனமூர் யாப்பு, சர்வசன வாக்குரிமையால் தெரிவான அரசாங்க சபையையும் அமைச்சர் குழுவையும் இலங்கைக்கு வழங்கியிருந்தமையால், வெளிவிவகாரம் சட்டப்படி தங்கள் கையில் இல்லாத நிலையிலும் இலங்கை அமைச்சர்கள் தில்லியோடு நேராகப் பேசத் தலைப்பட்டனர். 1939இல் அரசுத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு உழைத்த இந்தியரை வேலைநீக்கும் முடிவை அமைச்சர் குழு எடுத்தது. அதற்குப் பதிலடியாக இந்திய அரசு 1939 ஓகஸ்ட் 1 முதல் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குக் குடிபெயர்வதைத் தடை செய்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன், ஜூலை மாதத்தில், கொழும்புக்கு வந்த ஜவாகர்லால் நேருவின் முயற்சியால் இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவாயிற்று. அதன் தொழிற்சங்கமே பின்னர் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்ற பெயர் பெற்றது.

1940 நவம்பரில் டி. எஸ். சேனநாயக்க, எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க, ஜி. சி. எஸ். கொரயா ஆகியோர் அடங்கிய குழு தில்லி சென்றது. பேச்சு எந்தப் புள்ளியில் முறிந்ததோ அந்தப் புள்ளியே அடுத்த அரை நூற்றாண்டுக்கும் முறியும் இடமாக இருந்தது. இலங்கையில் நிரந்தரமாகக் குடியமர்ந்த இந்தியருக்கு ஏனைய குடிகளுக்குரிய முழு உரிமையும் வேண்டும் என்று சேர் கிரிஜா சங்கர் பாஜ்பாய் தலைமையிலான இந்தியத் தரப்பு வாதிட்டது. இலங்கையைத் தவிர வேறு நாட்டோடு பற்றில்லை என்பதை நிரூபிப்போருக்கு மட்டுமே அது கிடைக்கும் என்று இலங்கைத் தரப்பு வாதிட்டது. 1941 செப்டெம்பரில் கொழும்பில் பேச்சு மீண்டும் தொடங்கி, இணக்கமான முடிவுகள் கொண்ட கூட்டறிக்கையும் வெளிவந்தது. ஆனால் இந்தியாவிலும் இலங்கை இந்தியரிடையேயும் எழுந்த எதிர்ப்பினால் அது நடைமுறைக்கு வரவில்லை. ஒரு சமூகத்தின் நிலைபேற்றை அச்சமூகத்தைக் கேளாமல் இரு அரசுகள் வரையறுக்க முயன்ற முதல் ஆவணம் அந்த அறிக்கையே.

1942இன் தொடக்கத்தில் மலாயாவும் சிங்கப்பூரும் பர்மாவும் யப்பானிடம் வீழ்ந்தமை பேச்சின் சமநிலையைக் குலைத்தது. ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பும், ஏப்ரல் 9ஆம் நாள் திருகோணமலையும் யப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாயின. மலாயாவின் இறப்பர் கைநழுவியதால் நேச நாடுகளின் இயற்கை இறப்பருக்கு இலங்கையே முதன்மையான மூலமாயிற்று; பர்மாவின் அரிசி நின்றுபோனதால் இலங்கையின் அடுப்புகள் இந்தியாவின் தயவை எதிர்பார்க்க நேர்ந்தது. அரசாங்க சபையின் தலைவராக விளங்கிய சேர் பரன் ஜயதிலக 1942இல் அப்பதவியை விட்டு, இலங்கையின் பிரதிநிதியாகத் தில்லிக்குச் சென்றமை இந்த நெருக்கடியின் ஆழத்தைக் காட்டுகிறது. நாட்டின் மூத்த அரசியல்வாதியைச் சிறிய நாடொன்று உணவுக்காக அயல் தலைநகரில் அமர்த்த வேண்டியிருந்தது. அவர் அப்பணியில் இருந்தபோதே 1944 மே மாதத்தில் பெங்களூரில் காலமானார். மறுபுறம், இந்திய அரசின் பிரதிநிதியாக எம். எஸ். ஆனே 1943இல் கொழும்புக்கு வந்தார்.

இக்காலத்தில் இறப்பர் வெட்டுவதற்கு மேலதிகத் தொழிலாளர் தேவை என இலங்கை கேட்டபோது, வருவோரின் எதிர்கால உரிமை என்ன என்ற கேள்வியை இந்தியா முன்வைத்தது. அந்த நிபந்தனையை ஏற்பதைவிட ஆட்களின்றிச் சமாளிப்பதே மேல் என்று இலங்கை அமைச்சர்கள் கருதினர். போரின் உச்சத்தில், நேச நாடுகளின் தேவை அத்தனை அவசரமாக இருந்தபோதும், தொழிலாளரின் உழைப்பை ஏற்று உரிமையை மறுக்கும் நிலைப்பாட்டிலிருந்து கொழும்பு இறங்கவில்லை. தில்லியோ குடிபெயர்வுத் தடையைத் தன் ஆயுதமாக வைத்துக்கொண்டது. அந்தத் தடையின் சுமை தொழிலாளர் மீதே இறங்கியது. தமிழகத்தில் உள்ள உறவினரைக் காணச் சென்றால் தோட்டத்துக்குத் திரும்ப முடியுமோ என்ற அச்சத்தில் அவர்கள் அசையாதிருந்தனர். அட்டன் தொகுதியிலிருந்து 1936இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகியிருந்த கோ. நடேசய்யர் அச்சபையில் குரல் எழுப்பிவந்தார். எனினும் இரு அரசுகளின் பேச்சு மேசை வேறாகவும் சபை வேறாகவும் இருந்தன.

சுதந்திரமும் நாடற்ற நிலையும்

போர் முடிந்து 1948 பெப்ரவரியில் இலங்கை சுதந்திரம் பெற்றபோது, பேச்சில் தீராத வினா சட்டத்தால் தீர்க்கப்பட்டது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தமைக்கான சான்று போன்றவற்றைக் கோரியதால், பிறப்புப் பதிவுகள் ஒழுங்காக வைக்கப்படாத தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்தோர் ஒரே நாளில் பிரஜைகள் அல்லாதவராயினர். 1949இன் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் பதிவின்மூலம் பிரஜையாவதற்கு வழிவிட்டபோதும், எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோரின் விண்ணப்பங்களுள் ஏறத்தாழ 1,34,000 பேருக்கே அனுமதி கிடைத்தது. அதே ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் பிரஜையல்லாதோரின் வாக்குரிமையைப் பறித்தது. 1947 தேர்தலில் ஏழு உறுப்பினரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய சமூகம் 1952 தேர்தலில் ஒருவரைக்கூட அனுப்ப இயலாத நிலைக்கு வந்தது.

இலங்கை இவர்களை இந்தியர் என்றது. இந்தியாவின் பிரஜைகளாகத் தாமே விரும்பிப் பதிவு செய்தவர் தவிர மற்றோர் இலங்கையின் பொறுப்பு என்று நேருவின் அரசு கூறியது. இவ்விரு மறுப்புகளுக்கும் இடையில் நின்றவரே நாடற்றோர் எனப்பட்டனர். அதாவது எந்த அரசின் சட்டப்படியும் அதன் பிரஜையாகக் கருதப்படாதவர். 1954 ஜனவரியில் நேருவும் சேர் ஜோன் கொத்தலாவலவும் செய்துகொண்ட உடன்படிக்கையும் இந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. நேரு வாழ்ந்தவரை ஒன்றில் மட்டும் தில்லி உறுதியாக நின்றது: தானே கேட்டு வராத ஒருவரைத் தன் பிரஜையாக ஏற்க முடியாது என்பதே அது.

இந்தப் பத்தாண்டில்தான் நோட்டன் பிரிட்ஜ் நாட்டின் வரைபடத்தில் புது முக்கியத்துவம் பெற்றது. 1920களில் தொடங்கி இடையில் நின்றுபோயிருந்த லக்சபான நீர்மின் திட்டத்தின் முதற்கட்டம் 1950இல் நிறைவுற்றபோது, நோட்டனில் கட்டப்பட்ட அணையிலிருந்தே அதன் நீர் சென்றது. தேயிலையால் அந்நியச் செலாவணியையும் அருவிகளால் மின்சாரத்தையும் நாட்டுக்கு வழங்கிய அதே மலைகளில் வாழ்ந்தோர் அந்த ஆண்டில் அந்நாட்டின் வாக்காளராக இருக்கவில்லை. இந்த முரண் மலையக அரசியலின் அடிப்படை நியாயமாக இன்றும் நிற்கிறது.

இமயத்துப் போரும் தில்லி உடன்படிக்கையும்: 1962–1964

1962 ஒக்டோபர் 20 அன்று தொடங்கிய இந்திய–சீனப் போர், நவம்பர் 21இல் சீனா தானாக அறிவித்த போர்நிறுத்தத்தோடு ஓய்ந்தது. இந்தியா இராணுவத் தோல்வியையும் இராஜதந்திரத் தனிமையையும் ஒருசேர உணர்ந்த வேளை அது. இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க இச்சூழலில் எடுத்த முயற்சி, சிறிய நாடுகளின் இராஜதந்திர வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. டிசம்பர் 10 முதல் 12 வரை பர்மா, கம்போடியா, கானா, இந்தோனேசியா, ஐக்கிய அரபுக் குடியரசு ஆகிய நாடுகளைக் கொழும்பில் கூட்டி, இரு பெரும் நாடுகளும் பேச்சுக்கு அமர்வதற்கான முன்மொழிவுகளை வகுத்தார். லடாக்கில் சீனப் படை 20 கிலோமீட்டர் பின்வாங்கவேண்டும், அவ்வாறு விடப்படும் பகுதி இரு தரப்பின் குடிசார் காவல் நிலைகளின்கீழ் படையற்ற வலயமாக இருக்கவேண்டும் என்பன அவற்றுள் முதன்மையானவை. அதன்பின் சிறிமாவோ தாமே பீக்கிங்குக்கும், 1963 ஜனவரியில் தில்லிக்கும் சென்றார். இந்தியா முன்மொழிவுகளை முழுமையாக ஏற்றது. சீனா கொள்கையளவில் ஏற்றுச் சில விலக்குகளைக் குறிப்பிட்டது.

இதனை இணக்க முயற்சி எனலாம்; தீர்ப்பு வழங்காமல், இரு தரப்பும் சந்திப்பதற்கான வழியை மட்டும் திறந்துவிடுவது அதன் இயல்பு. சீனாவை ஆக்கிரமிப்பாளர் என்று இலங்கை கூறவில்லை. இந்தியாவில் அது கசப்பை விளைவித்தது. ஆனால் அணிசேராமைக் கொள்கையைக் கைவிடாமலும், 1952இன் இறப்பர்–அரிசி ஒப்பந்தத்தால் சீனாவோடு ஏற்பட்ட வணிக உறவைக் குலைக்காமலும், தில்லியின் நம்பிக்கையை இழக்காமலும் கொழும்பு நடந்துகொண்ட விதம் அதன் மதிப்பை உயர்த்தியது. 1963 ஜூலையில் சீனாவோடு கப்பற்போக்குவரத்து ஒப்பந்தம் ஒன்றையும் இலங்கை செய்துகொண்டது. வட எல்லையில் காயப்பட்டிருந்த இந்தியாவுக்குத் தென் எல்லையில் இருக்கும் தீவின் நட்பு முன்னைவிட மதிப்புடையதாயிற்று.

1964 மே 27 அன்று நேரு மறைந்தார். ஐந்து மாதங்களில், ஒக்டோபர் 30 அன்று, லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் தில்லியில் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். நாடற்றோரின் எண்ணிக்கை 9,75,000 என மதிப்பிடப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா தன் பிரஜைகளாக ஏற்றுத் திருப்பி அழைத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் பேசித் தீர்க்கப்படும். இவையாவும் 15 ஆண்டுகளில் நிறைவேறும் என்று அது கூறியது. ஏழுபேர் இந்தியாவுக்குச் சென்றால் நால்வருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்ற விகிதம் இவ்வாறு பிறந்தது.

நேரு பதினாறு ஆண்டுகள் விட்டுக்கொடுக்காத நிலைப்பாட்டை அவரது மறைவுக்குப் பின் சில மாதங்களில் இந்தியா கைவிட்டமைக்குத் தலைமை மாற்றம் ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே போதிய விளக்கமன்று. சீனப் போருக்குப் பின் அண்டை நாடுகளோடு உள்ள பழைய பிணக்குகளைத் தீர்த்து நட்பைத் தேடுவது தில்லிக்குப் பாதுகாப்புத் தேவையாக மாறியிருந்தது. கொழும்போ அந்தத் தேவையைச் சரியாக உணர்ந்திருந்தது. அந்த அளவில் சிறிமாவோவின் இராஜதந்திரம் பெரும் வெற்றி என்பதை மறுக்க இயலாது. மறுக்க வேண்டியது அவ்வெற்றியின் நாணயத்தை. அப்போது நியமன உறுப்பினராக நாடாளுமன்றத்தில் இருந்த இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் சௌ. தொண்டமானோ, ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் ஏ. அஸீஸோ தில்லி மேசையில் அமர்ந்த தரப்பினர் அல்லர். எவர் செல்வது, எவர் இருப்பது என்பதில் அம்மக்களின் விருப்பத்துக்கு என்ன இடம் என்பதை உடன்படிக்கை கூறவில்லை. அது எண்களை மட்டுமே கூறியது.

எண்கள் மனிதரானபோது

உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தும் சட்டம், டட்லி சேனநாயக்கவின் ஆட்சியில், 1967இன் 14ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது வெளிப்பட்ட உண்மை இரு அரசுகளின் கணக்குக்கும் நேர்மாறாக இருந்தது. இலங்கைப் பிரஜாவுரிமைக்கு ஒதுக்கப்பட்ட 3,00,000 இடங்களுக்கு அதன் இரட்டிப்பையும் விஞ்சியோர் விண்ணப்பித்தனர். இந்தியப் பிரஜாவுரிமைக்கு ஒதுக்கப்பட்ட 5,25,000 இடங்களை நிரப்ப ஆள் போதவில்லை. மலையக மக்கள் தங்கள் நாடு எது என்று எழுத்தில் கூறிய பதில் அது. பெருந்திரளான மக்கள் அளித்த அந்தப் பதிலைக் கேட்டபின்னும் விகிதம் மாற்றப்படவில்லை. மாறாக, 1971இன் திருத்தம், இந்தியாவுக்குச் செல்வோர் உண்மையில் கப்பலேறிய பின்னரே இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கப்படும் என்று இரண்டையும் பிணைத்தது.

1971ஆம் ஆண்டும் போர்க்கால இராஜதந்திரத்தின் ஆண்டே. அவ்வாண்டு ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சியை அடக்க இந்தியா உள்ளிட்ட பல நாடுகளின் உதவியைக் கொழும்பு பெற்றது. பங்களாதேசப் போருக்கு இட்டுச்சென்ற மாதங்களில், இந்திய வான்வழி மறுக்கப்பட்ட பாகிஸ்தானிய விமானங்கள் கட்டுநாயக்கவில் எரிபொருள் நிரப்ப இடமளித்தது. டிசம்பர் 16இல் இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக அறிவிக்கும் தீர்மானம் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் இலங்கையின் முன்முயற்சியால் நிறைவேறியது. முரண்பட்ட இந்த மூன்று செயல்களின் பின்னும் இந்தியாவோடு உறவு முறியாதிருந்தது என்பதோடு, 1974இல் எஞ்சிய 1,50,000 பேரும் சரிபாதியாக, 75,000 பேர் வீதம், பங்கிடப்பட்டனர். கச்சதீவும் அதே ஆண்டு இலங்கையின் எல்லைக்குள் வந்தது. இந்தியாவுக்குச் செல்லவேண்டியோரின் மொத்தம் 6,00,000 ஆயிற்று.

1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களை வாட்டியது. மாவும் அரிசியும் கிடையாத லயங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. முன்பு செல்ல மறுத்த பலர் பசியால் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தனர். அவர்களை மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற புகையிரதத்தை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று அழைத்தனர். நிலையங்களில் செல்வோரும் நிற்போரும் கட்டியழுத அழுகையே அப்பெயரைத் தந்தது. இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமைக் கடந்தோர் ‘தாயகம் திரும்பியோர்’ என்று பதிவேடுகளில் எழுதப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அந்தத் தாயகத்தை அதற்குமுன் கண்டவர் அல்லர். ஒரு பகுதியினருக்கு நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களிலும், கன்னியாகுமரியிலும் கர்நாடகத்திலும் இறப்பர்த் தோட்டங்களிலும் வேலை கிடைத்தது. பலர் தமக்குக் கிடைத்த கடனுதவியையும் இழந்து கூலிகளாக அலைந்தனர். ஒரு குடும்பத்தில் மூத்தவர் இந்தியப் பிரஜையாகவும் இளையவர் இலங்கைப் பிரஜையாகவும் பிரிந்த நிலை மலையகத்தில் சாதாரணமாயிற்று.

இங்கே வேறொரு சிறிய நாட்டின் போர்க்கால அனுபவம் ஒப்புநோக்கத்தக்கது. பின்லாந்து 1939–40இலும் 1941–44இலும் சோவியத் ஒன்றியத்தோடு போரிட்டு, இறுதியில் கரேலியா உள்ளிட்ட நிலப்பரப்பை இழந்தது. இழந்த நிலத்தில் வாழ்ந்த நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோரைப் பின்லாந்து தன் எஞ்சிய மண்ணில் குடியமர்த்தி, 1945இன் நிலச் சட்டத்தின்மூலம் விவசாயிகளாக இருந்தோருக்கு நிலமும் வழங்கியது. பெரிய அண்டை நாட்டோடு செய்த சமாதானத்துக்கு அந்நாடு நிலத்தை விலையாகக் கொடுத்து மக்களைக் காத்தது. இலங்கையோ நிலத்தில் ஓரங்குலமும் இழக்காமல், ஏன் ஒரு தீவையும் பெற்று, மக்களைக் கொடுத்தது. சூழல்கள் வேறுபட்டவையாயினும், சிறிய நாட்டின் இராஜதந்திரம் எதைக் காப்பதற்கு என்ற வினாவுக்கு இருவேறு விடைகள் உண்டு என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது.

உள்நாட்டுப் போரும் புதிய பேரமும்: 1983–1988

1983 ஜூலை வன்செயல்களின்பின் மூண்ட உள்நாட்டுப் போர், இலங்கை–இந்திய உறவைத் தலைகீழாக்கியது. இம்முறை நெருக்கடியில் இருந்தது சிறிய நாடு. பேரம் பேசும் வலிமை பெரிய நாட்டின் கையில் இருந்தது. ஜே. ஆர். ஜயவர்த்தன இந்தியாவின் அழுத்தத்தைச் சமன்செய்ய இஸ்ரேல், பாகிஸ்தான், மேற்கு நாடுகள் ஆகியவற்றின் உதவியை நாடினார். அந்த நாட்டமே தில்லியின் ஐயத்தை வளர்த்தது. நாடற்ற தமிழர் இலங்கையில் தொடர்ந்து இருப்பது, இந்தியா இத்தீவின் விவகாரத்தில் தலையிடுவதற்கு ஒரு நியாயமான காரணமாகவும் அமைந்தது. 1984இல் தலைமன்னார்க் கப்பற்சேவை நின்றுபோனமையால் திருப்பியனுப்புதலும் நின்றது. 1985இல் திம்புப் பேச்சில் தமிழர் தரப்பு முன்வைத்த நான்கு கோட்பாடுகளுள் ஒன்று, இத்தீவைத் தம் நாடாகக் கருதும் எல்லாத் தமிழருக்கும் பிரஜாவுரிமை வேண்டும் என்பதாகும்.

இக்கட்டத்தை முந்தைய இரண்டிலிருந்தும் வேறுபடுத்தியது ஒன்றே: மலையக மக்களின் அமைப்பு இம்முறை பேரத்தின் பொருளாக மட்டும் நிற்கவில்லை, பேரம் பேசும் தரப்பாகவும் நின்றது. 1978 முதல் தொண்டமான் அமைச்சரவையில் இருந்தார். 1984 ஏப்ரலில் நடந்த தோட்ட வேலைநிறுத்தம் ஆண், பெண் இருபாலாருக்கும் சம சம்பளத்தைப் பெற்றுத் தந்ததோடு, தேயிலை வருமானமின்றி வடக்கில் போரை நடத்த முடியாத அரசுக்குத் தோட்டங்களின் வலிமையை உணர்த்தியது. 1986 தைப்பொங்கலை ஒட்டி இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பிரார்த்தனை இயக்கம் ஒன்றை அறிவித்தது. வேலைக்குப் போகும் நேரத்தில் தொழிலாளர் வழிபாட்டில் அமர்வதே அதன் வடிவம். வன்முறையற்ற அந்த இயக்கம் உண்மையில் ஒரு வேலைநிறுத்தமே. அம்மாதத்திலேயே அரசு இணங்கியது. இந்தியா 5,06,000 பேரை ஏற்பது என்றும், உடன்படிக்கைப்படி இந்தியாவின் பங்கில் விண்ணப்பிக்காதிருந்த 94,000 பேருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் இலங்கை பிரஜாவுரிமை வழங்குவது என்றும் முடிவாகி, 1986இன் 5ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. 1988இன் 39ஆம் இலக்கச் சட்டம், இந்தியப் பிரஜாவுரிமை கோராத ஏனையோருக்கும் அவ்வுரிமையை விரித்தது.

அரசு இதனைக் கருணையால் செய்ததென்று கருத இடமில்லை. மலைநாட்டுத் தோட்டங்கள் வடக்கு–கிழக்குப் போராட்டத்தோடு இணைந்துவிடக் கூடாது என்பதும், இந்தியாவின் தலையீட்டுக்கான காரணங்களுள் ஒன்றை அகற்றவேண்டும் என்பதும் அதன் கணிப்புகள். ஆயினும் அந்தக் கணிப்புகளைத் தம் மக்களின் நலனுக்குத் திருப்பத் தெரிந்த ஓர் அமைப்பு இருந்தமையால், போர் இம்முறை மலையகத்தாரிடமிருந்து உரிமையைப் பறிக்காமல் அவர்களுக்கு உரிமையைத் தேடித் தந்தது. 1987 ஜூலை 29இன் இந்திய–இலங்கை உடன்படிக்கை இதற்கு மறுபக்கச் சான்றாகும். ராஜீவ் காந்தியும் ஜயவர்த்தனவும் ஒப்பமிட்ட அவ்வாவணமும் அதனோடிணைந்த பரிமாற்றக் கடிதங்களும் மாகாண சபை, திருகோணமலைத் துறைமுகம், அங்குள்ள எண்ணெய்த் தாங்கிகள், அந்நிய இராணுவத்தினர் ஆகியன குறித்துப் பேசின. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் ஆகியோரைக் கொண்ட பல்லினச் சமுதாயம் என்று இலங்கையை அது வருணித்தபோது, மலையகத் தமிழரைத் தனியொரு மக்கள் தொகுதியாக அது பெயர்சொல்லவில்லை. அவர்கள் அங்கு இருக்கவில்லை. ஆகவே பெயரும் அங்கு இல்லை.

முடிவுரை

நாடற்ற நிலையை முற்றாக ஒழிக்கும் சட்டம் போர்க்காலத்தில் வரவில்லை. 2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்தம் நிலவியபோது, 2003 ஒக்டோபரில், இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டத்தை இலங்கை நாடாளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் அதன்படி பிரஜைகளாயினர். 1940இல் தில்லியில் முறிந்த வினாவுக்கு அறுபத்துமூன்று ஆண்டுகளுக்குப்பின் கொழும்பின் நாடாளுமன்றமே விடை கூறியது. அதற்கு எந்த அயல்நாட்டின் ஒப்பமும் தேவைப்படவில்லை. அந்த விடையைத் தொடக்கத்திலேயே கூறியிருக்க இயலும் என்பதே இவ்வரலாற்றின் கசப்பான உண்மை. போர்க்காலத்தில் தமிழகத்துக்கு அகதிகளாகச் சென்று முகாம்களில் வாழும் மலையக வம்சாவளியினர் பலருக்கு அந்த விடை இன்னும் முழுமையாக எட்டவில்லை.

மூன்று கட்டங்களையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து இரண்டு முடிவுகள் தெளிகின்றன. முதலாவது, பெரிய அண்டை நாட்டைக் குறித்த இலங்கையின் அச்சம் கற்பனையன்று. அதனைச் சமாளிக்க அது கையாண்ட திறமையும் சிறியதன்று. ஆனால் அந்த அச்சத்தை நாட்டின் எல்லைக்குள் உழைத்து வாழ்ந்த ஏழை மக்கள்மீது ஏற்றியது அநீதி. அதற்கு இந்தியாவும் 1964இலும் 1974இலும் உடன்பட்டது. இரண்டாவது, எண்ணாகப் பேசப்பட்டபோதெல்லாம் மலையக மக்கள் இழந்தனர். தம் அமைப்பின் குரலோடு மேசைக்கு வந்தபோது பெற்றனர்.

2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நோட்டன் பிரிட்ஜுக்கு அண்மையில் உள்ள நோர்வூட்டில் தோட்ட மக்களின் பெருந்திரளிடையே உரையாற்றி, மேலும் 10,000 வீடுகளுக்கான உதவியை அறிவித்தார். அவ்வுதவி வரவேற்கத்தக்கதே. எனினும் வீடு அயல்நாட்டின் கொடையாகவும், வீடு நிற்கும் காணி தோட்ட நிருவாகத்தின் கட்டுப்பாட்டில் உள்ளதாகவும், இடையில் வாழ்வோர் இரு அரசுகளின் நல்லுறவுக்குக் காட்சிப்பொருளாகவும் நிற்கும் நிலை பழைய பேரத்தின் எச்சமேயாகும். காணியுரிமை, வீட்டுரிமை, நியாயமான சம்பளம் ஆகியவற்றை மலையக மக்கள் இலங்கையின் பிரஜைகள் என்ற முறையில் இலங்கைச் சட்டத்தின்மூலம் பெறவேண்டும். ஒரு மக்கள் கூட்டத்தின் பிரஜாவுரிமை எந்தப் போரிலும், எந்த நட்பின் பொருட்டும், இரு நாடுகளுக்கு இடையிலான பேரப் பொருளாக மீண்டும் ஆகக்கூடாது. இலங்கையின் இராஜதந்திரம் தன் கடந்தகாலத்திலிருந்து கற்கவேண்டிய முதற்பாடம் இதுவே.